சிரிப்புக்கு ஒரு சாட்சி: மேடை நகைச்சுவையைச் சின்னப் படமாக்குவது எப்படி

திருகோணமலையில் நாடகமும் அரங்கியலும் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். பழைய மாணவர்கள் சிலருடன் சேர்ந்து, பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் எழுதிய 'கஞ்சன்' நாடகத்தை எங்கள் ஊர்க் கதையாக மாற்றி, ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய படமாக எடுத்தேன். வாசிகசாலையிலும் கோயில் மண்டபத்திலும் பாடசாலை மைதானத்திலும் திரை கட்டிக் காட்டினோம். அவ்வளவுதான் அதன் ஓட்டம். இப்போது மூதூர்ப் பக்கமிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பிள்ளைகள் ஃபோன் எடுக்கிறார்கள்: "ரீச்சர், எங்களிட்டயும் ஒரு பகிடி நாடகம் இருக்கு. அதைப் படமாக்கிறதெண்டா எங்கயிருந்து தொடங்கிறது?" அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேடையில் நகைச்சுவையின் பாதியை நடிகர் செய்கிறார், மீதியைச் சபை செய்கிறது. கஞ்சன் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுச் சபையைப் பார்க்கிறான். சபை சிரிக்கிறது. அந்தச் சிரிப்பிலிருந்து அவனுக்கு அடுத்த மூச்சு கிடைக்கிறது. கமராவுக்கு முன்னால் அந்தச் சபை இல்லை. மேடையில் நடித்தபடியே பிடித்து வந்தால், பகிடி சொல்லிவிட்டு வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர்தான் படத்தில் இருப்பார். ஆகவே எழுதும்போதே ஒவ்வொரு பகிடிக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: இதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்? பதில் கிடைத்ததும் அவரைச் சட்டகத்துக்குள் நிறுத்துங்கள். ஜன்னலுக்குப் பின்னால் மகள், மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி, ஓட்டோவின் கண்ணாடியில் சாரதியின் கண். அவர் சிரிக்கத் தேவையில்லை, பார்த்தால் போதும். என் மாணவர்களிடம் அவரைச் 'சாட்சி' என்றுதான் சொல்வேன். கீழே சொல்பவை எல்லாம் பெரும்பாலும் அந்தச் சாட்சியை எங்கே வைப்பது என்பதைப் பற்றியவைதான்.

நாடகத்தைத் தெரிவு செய்யும்போது

உரிமையை முதலில் பாருங்கள். மோலியேர் 1673இல் இறந்தவர். அவருடைய மூலத்துக்கு இன்று எவரும் உரிமை கேட்க முடியாது. மொழிபெயர்ப்பு அப்படியல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரைக்கும் உரிமை நிற்கும். நாங்கள் உரிமைக்காலம் முடிந்த ஒரு பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டோம். பிரெஞ்சு படித்த பழைய மாணவி ஒருத்தி மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்ல, எங்கள் பேச்சுத் தமிழில் புதிதாக எழுதினோம். உள்ளூர் ஆசிரியரின் நாடகம் என்றால் அவருடைய குடும்பத்தைத் தேடிப் போய்க் கையெழுத்தோடு அனுமதி வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

பிறகு, ஒரே வீட்டுக்குள் நடக்கிற கதையா என்று பாருங்கள். 'கஞ்சன்' ஐந்து அங்கமும் பாரிஸில் கஞ்சன் ஆர்பகோனின் வீட்டிலேயே நடக்கிறது. கையில் காசில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி. உவர்மலைப் பக்கம் கிணறும் பெரிய விறாந்தையும் நீண்ட வளவுமுள்ள ஒரு பழைய வீடு கிடைத்தது. கதையை அந்த வீட்டின் அமைப்புக்கு ஏற்ற மாதிரித் திருத்தினோமே தவிர, வீட்டில் ஒரு கதவைக்கூட மாற்றவில்லை.

பழைய நாடகத்தில் கைவைக்கலாமா என்று சில பிள்ளைகள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். மோலியேரே இந்தக் கதையை ப்ளாட்டஸ் என்ற ரோமானிய நாடகாசிரியரிடமிருந்துதான் எடுத்தார். அங்கே பணம் பானைக்குள் இருந்தது, இவர் பெட்டிக்குள் வைத்தார். ப்ளாட்டஸின் நாடகத்தில் கடைசிப் பகுதி தொலைந்துபோய்விட்டது. கதையின் முடிவை ஒவ்வொரு காலத்தவரும் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது. நீங்களும் எழுதுங்கள்.

எதை வைத்திருப்பது, எதை விடுவது

நாடகத்தை நன்றாக வாசித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்கிற பகிடிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அவைதான் படம். அவற்றைச் சேர்க்கிற கதையை ஊருக்கேற்ற மாதிரி மாற்றலாம். எங்கள் தாளில் நின்றவை: சீதனம் வேண்டாம் என்ற மாப்பிள்ளை, தரகரின் கணக்கு, மகன் தெரியாமல் தகப்பனிடமே வட்டிக்குக் கடன் கேட்பது, சமையற்காரனாகவும் வண்டிக்காரனாகவும் இருக்கும் ஒரே வேலையாள், பெட்டி களவு போனதும் கஞ்சன் கத்துவது, பெட்டியைப் பற்றி ஒருவரும் பெண்ணைப் பற்றி மற்றவரும் பேசிக்கொண்டே போவது.

சீதனத்தை முதலில் எடுக்கிறேன். நாடகத்தில் மகள் எலீஸை வயதான அன்செல்முக்குக் கட்டிக் கொடுக்கத் தகப்பன் நிற்கிறான். அது சரியில்லை என்று அவளுடைய காதலன் வலேர் எத்தனை நியாயம் சொன்னாலும் கஞ்சனின் பதில் ஒன்றே: "சீதனம் இல்லாமல்." இந்த வசனம் எங்கள் ஊருக்கென்றே எழுதியது போலிருக்கிறது. அதைவிட ஒரு படி மேலே போகலாம் என்று எழுதும்போதுதான் கண்டோம். எங்கள் கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுப்பது வழக்கம். எங்கள் கஞ்சனின் பெட்டி புதைந்திருப்பது அந்த வீட்டு வளவில். மகளுக்கு முறைப்படி சீதனம் கொடுத்தால், பெட்டிக்கு மேலிருக்கிற மண்ணும் மருமகனுக்குப் போகும். கனடாவிலிருந்து வந்த ஐம்பது வயது மாப்பிள்ளை "எனக்கு ஒண்டும் வேண்டாம் மாமா" என்றதும் கஞ்சனின் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்கு இப்போது இரண்டு காரணம் இருக்கிறது. உங்கள் நாடகத்திலும் இப்படி ஓர் இடம் ஒளிந்திருக்கும். ஊர் வழக்கமும் நாடகத்தின் முடிச்சும் ஒன்றையொன்று தொடுகிற இடம் அது. அதைக் கண்டுபிடிக்கும்வரை படப்பிடிப்பைத் தொடங்காதீர்கள்.

அந்தக் காட்சியை எடுக்கும் விதமும் முக்கியம். மேடையில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது நடிகர் குரலை ஏற்றிக்கொண்டே போவார். கமராவில் அது காதைத்தான் நோகச் செய்யும். குரலை ஒரே அளவில் வைத்துக் கையின் வேலையை மாற்றுங்கள். எங்கள் கஞ்சன் முதல் தரம் "சீதனம் இல்லாமல்" என்னும்போது சொட்டுகிற குழாயை இறுக்குகிறார். அடுத்த தரம் மின்விசிறியை நிறுத்துகிறார். பிறகு கடைப் பையொன்றை நீவி மடித்து மடியில் செருகுகிறார். சாட்சியாகக் குசினி ஜன்னலில் மகள் நிற்கிறாள். அவளுடைய கை அரிசி களைவதை எப்போது நிறுத்துகிறது என்பதில்தான் சபை சிரித்தது.

தரகரின் கணக்கு நாடகத்தில் அருமையான இடம். தான் கட்ட நினைக்கிற மரியான் என்ற பெண்ணுக்குச் சீதனம் இல்லையே என்று கஞ்சன் கேட்க, தரகி ஃப்ரோசீன் கணக்குப் போடுகிறாள்: பெண் கொஞ்சமாகச் சாப்பிடுவாள், ஆடை நகையில் ஆசையில்லை, சூதாட மாட்டாள், ஆக வருடத்துக்கு 12,000 லீவ்ர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) மிச்சம், அதுதான் சீதனம். அந்தத் தொகைகளை அப்படியே வைக்காதீர்கள். எங்கள் கலியாணத் தரகர் அக்கா ஓட்டோவுக்குள் இருந்து விரல் மடக்கி எண்ணுகிறார்: பார்லருக்குப் போகமாட்டா, டேட்டா கார்ட் போடமாட்டா, கோழி இறைச்சி வாய்க்கு வராது, சேலை என்றால் பொங்கலுக்கு ஒன்று. கஞ்சன் தன் ஃபோனில் கூட்டிப் பார்க்கிறார். சாரதி கண்ணாடியில் பார்க்கிறார். கணக்கு நீளமாக இருந்தால்தான் இந்தக் காட்சி ஓடும். எழுதிய பிள்ளைகள் சுருக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை.

கடன் காட்சியில் படத்துக்கு மேடையைவிட வசதி கூட. நாடகத்தில் மகன் 15,000 கேட்கிறான். 12,000 காசாகவும் மீதி பழைய சாமான்களாகவும் தருவதாகக் கடன் கொடுப்பவரின் தாள் சொல்கிறது. கட்டில், துப்பாக்கிகள், வைக்கோல் அடைத்த பல்லித்தோல் என்று பட்டியல் நீள்கிறது. வட்டி நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேல். மேடையில் அதை வாசிக்கத்தான் முடியும். நாங்கள் ஒரு லான்ட்மாஸ்டரில், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், ஏற்றினோம். காற்றாடி இல்லாத படகு எஞ்சின், காற்றுப் போன ஹார்மோனியம், பெற்றோமக்ஸ் விளக்கு, பின்னல் அறுந்த சாய்மனைக்கதிரை. மகன் தாளைப் பார்த்து வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு சாமானாகப் பின்னால் இறங்குகிறது. வாசிப்புக்கும் இறக்கத்துக்கும் இடையில் ஒரு மூச்சு இடைவெளி வையுங்கள். கண் முந்தினால் சொல் வீணாகும், சொல் முந்திக் கண் பின்னால் வந்தால் சிரிப்பு வரும். இதை ஒத்திகையிலேயே மணிக்கூடு பார்த்துப் பழகுங்கள்.

இரட்டை வேலைக்காரனுக்கு ஒரு சொல் மட்டும். நாடகத்தில் ஜாக்கிடம் எஜமான் பேச வரும்போது, "வண்டிக்காரனோடயா, சமையற்காரனோடயா கதைக்கிறீங்கள்?" என்று கேட்டு அதற்கேற்ற மேலங்கியை மாட்டுவான். எங்களிடம் காக்கிச் சேட்டும் ஏப்ரனும். உடை மாற்றுகிற நேரத்தை எடிற்றிங்கில் வெட்டாதீர்கள். அவன் பொத்தானைப் போட்டு முடிக்கும் வரைக்கும் கஞ்சன் காத்து நிற்க வேண்டும். தூரத்திலிருந்து, இருவரும் முழுதாகத் தெரிய, ஒரே ஷொட். வெட்டினால் வேலைக்காரனின் பிடிவாதம் போய்விடும். படத்தில் நகைச்சுவையைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரமாக வெட்டுகிற கைதான்.

பெட்டியைக் களவெடுத்தாயா என்று கஞ்சன் கேட்க, மகளைக் காதலித்ததைத்தான் கேட்கிறார் என்று வலேர் பதில் சொல்கிற, பெட்டியா பெண்ணா என்ற குழப்பத்தைத் தமிழில் எழுதுவது கடினம். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சுட்டுச்சொல் என்பதால் மோலியேருக்கு இலகுவாகப் போயிற்று. தமிழில் 'அது' என்றாலோ 'அவள்' என்றாலோ முடிச்சு அவிழ்ந்துவிடும். எங்கள் பேச்சுத் தமிழே வழி காட்டியது. 'போகேல்லை', 'வரேல்லை' என்று முடிகிற எதிர்மறை ஆளுக்கும் பொருளுக்கும் ஒன்றுதான். ஆகவே எழுவாயை விட்டுவிட்டு எதிர்மறையில் எழுதினோம்:

"தொட்டது உண்மை ஐயா. ஆனா மரியாதையோடதான்."

"மரியாதையோட தொட்டனியோ! எங்க இப்ப?"

"வீட்டை விட்டு வெளிய போகேல்லை ஐயா. ஒரு குறையும் வரேல்லை."

"ஒண்டும் குறையேல்லையோ? எண்ணிப் பாத்தனியோ?"

நாடகத்தில் இந்த இடத்தில் விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர் நிற்பார். அவர் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல சாட்சி. முறைப்பாடு எழுத வந்த பொலிஸ்காரராக்கி, புத்தகமும் பேனையும் கொடுத்தோம். அவருக்கு வசனமே இல்லை. பேனை நிற்கிறது, யோசிக்கிறது, ஒரு வரியை வெட்டுகிறது. சபை அந்தப் பேனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் விட்டது ஒன்று இருக்கிறது. மோலியேரின் முடிவில் அன்செல்ம், வலேருக்கும் மரியானுக்கும் தொலைந்துபோன தகப்பன் என்று தெரியவரும். 16 வருடத்துக்கு முன் கப்பல் உடைந்து பிரிந்த குடும்பம் ஒரு நிமிடத்தில் சேர்ந்துவிடும். அந்தக் காலத்துச் சபைக்கு அது பழக்கமான முடிவு. எங்கள் மாவட்டத்தில் காணாமல் போனவர்களின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் தேடுகிற தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் படத்தைப் பார்க்க வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு முன்னால் தொலைந்தவர் திரும்பி வருவதைப் பகிடியின் முடிவாக வைக்க என்னால் முடியாது. அதை முழுதாக நீக்கிவிட்டேன். கதை அதற்காக விழவில்லை. மரியானைக் காதலிக்கிற மகன் "பெட்டி வேணுமோ, பெண் வேணுமோ" என்று தகப்பனிடம் கேட்கிற பேரம் நாடகத்திலேயே இருக்கிறது. முடிச்சு அதிலேயே அவிழ்கிறது. கலியாணச் செலவை ஏற்க ஒருவர் வேண்டுமே என்றால், கனடா மாப்பிள்ளை வீடியோ கோலில் வந்து, "எனக்கு இந்தக் கலியாணம் சரிவராது மாமா, செலவை நான் தாறன்" என்கிறார். கஞ்சன் உடனே தனக்கு ஒரு பட்டு வேட்டி கேட்கிறார். அது மோலியேரின் பகிடி, அங்கே அவர் கேட்பது புதிய உடுப்பு.

வளவில் தோண்டுகிற காட்சி

இந்தக் காட்சிக்காகத்தான் நாடகத்தையே எடுத்தேன். நான்காம் அங்கத்தின் முடிவில் கஞ்சன் தோட்டத்திலிருந்து "கள்ளன், கள்ளன்" என்று ஓடி வருகிறான். தன் கையையே தான் பிடித்து "என் காசைத் தா" என்கிறான். ஊரையே தூக்கில் போடவேண்டும், பணம் கிடைக்காவிட்டால் தன்னையும் தூக்கிலிட்டுக்கொள்வேன் என்கிறான். திடீரென்று சபையைப் பார்த்து, இத்தனை பேர் கூடியிருக்கிறீர்கள், உங்களில் யார் கள்ளன், ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்கிறான். மேடை வரலாற்றில் சபையை இப்படிச் சந்தேகப்பட்ட பேச்சுகள் அதிகமில்லை. இந்தப் பேச்சைப் படத்தில் எப்படி வைப்பது?

கமராவைப் பார்த்துப் பேசலாம் என்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கோ இருக்கிற யாரோ ஒருவரைப் பார்ப்பதாகிவிடும். கஞ்சன் பார்க்க வேண்டியது அவருடைய ஊரை. கறண்ட் போன இரவு. கையில் ரோச் லைற். சத்தம் கேட்டு அயலவர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். அவர் ரோச் லைற்றை ஒவ்வொரு முகமாக அடித்துக் கேட்கிறார். சாட்சி முழு ஊரும்.

இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது. 1990இல் போரால் இடம்பெயர்ந்தபோது நகையையும் காணி உறுதிகளையும் கிணத்தடியிலும் மாமரத்தடியிலும் புதைத்துவிட்டு ஓடியவர்கள் இங்கே உண்டு. திரும்பி வந்து தோண்டியபோது சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு வெறும் குழிதான். வளவில் பெட்டி புதைத்து வைத்திருக்கிற மனிதனை பாரிஸில் பார்த்தால் கஞ்சன் என்று மட்டும்தான் தோன்றும். இங்கே அப்படியில்லை. அதை வசனத்தில் சொல்லலாமா என்று நீண்ட நேரம் பேசினோம். சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்தேன். விளக்கம் சொன்னால் கஞ்சனுக்கு மன்னிப்புக் கொடுத்தது போலாகிவிடும், பகிடியும் போய்விடும். அதற்குப் பதில் ஒரு செய்கையை வைத்தோம். அவர் இருட்டில், விளக்கில்லாமல், மரத்திலிருந்து அடி எண்ணி நடந்து சரியான இடத்தில் குனிகிறார். அந்த நடையை அறிந்தவர்களுக்கு அது போதும்.

மதிலில் நின்றவர்கள் நடிகர்கள் இல்லை, உண்மையான அயலவர்கள். "வந்து பாருங்கள்" என்று மட்டும் கேட்டிருந்தேன். ரோச் லைற் போனபோது இளம்பிள்ளைகள் சிரித்தார்கள். மூத்தவர்கள் சிரிக்கவில்லை. இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்து, இடையில் வெட்டாமல் முழுதாக விட்டேன். நீங்களும் பெரிய காட்சிகளில் சாட்சிகளுக்கு என்ன செய்வதென்று சொல்லிக்கொடுக்காதீர்கள். எதைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

நடிகர்களும் ஒத்திகையும்

'கஞ்சன்' 1668 செப்டெம்பர் 9ஆம் திகதி முதல் மேடையேறியபோது மோலியேரே ஆர்பகோனாக நடித்தார். அவருக்கு இருமல் இருந்தது. அதை மறைக்காமல் நாடகத்துக்குள்ளேயே எழுதினார். நீங்கள் இருமுவதுகூட அழகுதான் என்று தரகி அவரைப் புகழ்வாள். குழுவிலிருந்த ஒரு நடிகர் நொண்டுவார். அவர் நடித்த வேலைக்காரனைக் கஞ்சன் நொண்டி என்று திட்டுகிற வரி அப்படி வந்தது. உடற்குறையைத் திட்டுகிற வரியை இன்று நான் வைக்கமாட்டேன், அதை நீக்கிவிட்டோம். ஆனால் நடிகரின் உடம்பிலிருந்து எழுதுவது என்ற வழி மிக நல்லது. எங்கள் கஞ்சனாக நடித்தவர் தபால் கந்தோரில் வேலை செய்தவர். எதைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் வைத்து நிறை பார்க்கிற பழக்கம் அவருக்கு. தேத்தண்ணீர்க் கோப்பையையும் மகளின் கலியாண அட்டையையும் அப்படியே நிறுக்கவிட்டோம்.

ஒத்திகையை ஆட்களுக்கு முன்னால் செய்யுங்கள். இதுதான் என் பிடிவாதம். அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் 1935இல் ஒரு படத்தை எடுக்கும் முன் அதன் காட்சிகளை மேடையில் நடித்து ஊர் ஊராகப் போய், சபை எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் ஒரு வீட்டு விறாந்தையில் பத்துப் பதினைந்து பேரை இருத்தி நடித்துப் பாருங்கள். சிரித்த இடத்தைப் பிரதியில் குறியுங்கள். படத்தில் அந்த இடத்துக்குப் பிறகு உடனே வசனம் வைக்காதீர்கள். சிரிப்புக்குள் மறையும். வெறும் இடைவெளியும் விடாதீர்கள், ஒருவரும் சிரிக்காத சபையில் அது பொத்தலாகத் தெரியும். இரண்டு மூன்று செக்கனுக்கு ஒரு செய்கையை வையுங்கள். கதிரையை நகர்த்துவது, செருப்பைத் தேடுவது, சாட்சியின் முகம். சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் அது பொருந்தும்.

சத்தம், வெளிச்சம்

நகைச்சுவைப் படத்தில் ஒரு சொல் கேட்காவிட்டால் பகிடி போயிற்று. ஆகவே கமராவைவிடச் சத்தத்துக்குச் செலவு செய்யுங்கள். ஃபோனில் படம் பிடிக்கலாம், சட்டைக்குள் குத்துகிற மைக் வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் வளவில் ஒன்றும் பதிவாகாது. மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி தாண்டும். எங்களுக்குத் தோதான காலம் மாசியிலிருந்து சித்திரை வரை. மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்சாதனப்பெட்டியையும் நிறுத்துங்கள். திரும்பப் போட மறக்காமலிருக்க ஓட்டோத் திறப்பை அதற்குள் வையுங்கள், திறப்பில்லாமல் வீட்டுக்குப் போக மாட்டீர்கள். கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, பீத்தோவன் மெட்டோடு பாண் விற்க வருகிற சூன் பாண் ஓட்டோ, இவற்றின் நேரங்களை முன்னதாகவே எழுதி வைத்து, அந்த நேரங்களில் தேத்தண்ணீர் குடியுங்கள்.

எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு 25 சட்டகமும், ஷட்டர் வேகம் செக்கனில் ஐம்பதில் ஒன்றுமாக வைத்தால் குழல்விளக்கு துடிக்காது. வெளியே எடுப்பதைக் காலை ஒன்பதுக்குள்ளும் பின்னேரம் நாலுக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, உட்துறைமுகப் பக்கம் கடற்படை. அங்கே முக்காலி விரிக்கும் முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். டச்சுக் குடாக் கடற்கரைப் பக்கம் எடுத்தபோது மான் ஒன்று சட்டகத்துக்குள் வந்து, கஞ்சன் ஐஸ்கிரீம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதைப் படத்தில் வைத்தேன். மான் பார்த்தாலும் சாட்சிதான்.

காட்டுவது

பொது இடத்தில் படம் காட்டுவதற்குப் பகிரங்க அரங்காற்றுகைச் சபையின் அனுமதி தேவை. கடைசி வாரத்தில் ஓடாமல் எடிற்றிங் முடிந்ததும் விண்ணப்பியுங்கள். சினிமாப் பாட்டு ஒன்றையும் பின்னணியில் போடாதீர்கள். எங்கள் இசை ஒரு மிருதங்கமும், அந்த லான்ட்மாஸ்டரில் வந்த ஹார்மோனியமும்.

இந்த ஊரில் மூன்று சமூகமும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். ஆகவே சிங்கள உபதலைப்புப் போட்டோம். பகிடிப் படத்துக்கு உபதலைப்பு எழுதுவது தனி வேலை. சிரிக்க வைக்கிற சொல் நடிகரின் வாய்க்கு முன்னால் திரையில் வந்துவிடக் கூடாது. வந்தால் பாதிச் சபை முன்னாடியே சிரித்துவிடும், மீதிச் சபை ஏனென்று திரும்பிப் பார்க்கும். வசனத்தை இரண்டாக உடைத்து, கடைசித் துண்டைத் தனியாக, சொல்லும் கணத்தில் போடுங்கள். "சீதனம் இல்லாமல்" ஒவ்வொரு தடவையும் தனி வரியாக, ஒரே இடத்தில் வரவேண்டும். மூன்றாவது தரத்தில் உபதலைப்பு வாசிப்பவர்களும் தமிழ் கேட்பவர்களும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

திரையைக் கூட்டத்துக்குக் கொஞ்சம் கிட்டக் கட்டுங்கள். கதிரைகளை நெருக்கிப் போடுங்கள். இருபது பேர் நெருங்கி இருந்தால் சிரிப்புத் தொற்றும், நூறு பேர் பரந்து இருந்தால் தொற்றாது. நீங்கள் திரைக்குப் பக்கமாக, முகங்களைப் பார்க்கிற மாதிரி இருங்கள். பிரதியைக் கையில் வைத்து, நினைத்த இடத்தில் சிரிக்கவில்லையென்றால் ஒரு கோடு, நினைக்காத இடத்தில் சிரித்தால் ஒரு வட்டம் போடுங்கள். எடிற்றிங் கோப்புகளை அழிக்காமல் வேறு வேறு டிஸ்க்குகளில் வைத்திருந்தால், அடுத்த ஊருக்குப் போகும் முன் கோடு விழுந்த இடங்களைத் திருத்தலாம். தரகர் அக்காவின் கணக்கில் சாரதியின் கண் அப்படித்தான் வந்தது. முதல் வடிவத்தில் கண்ணாடி வெறுமையாக இருந்தது. கிண்ணியாவில் காட்டும் முன் சாரதியை மறுபடி கூப்பிட்டு, ஓட்டோவை அதே மரத்தடியில் நிறுத்தி, அந்தப் பார்வையை மட்டும் எடுத்துச் சேர்த்தோம்.